கைக்கு அடக்கமாக ஒரு ரிவால்வர்

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது பிளாக்கில் போன மாதம் ஒரு சைக்கிளும் இரண்டு ஜோடி ஷூவும் காணாமல் போயின. கேளம்பாக்கத்தில் இதெல்லாம் ஒரு செய்தியா? ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழு கொதித்துவிட்டது. கேமரா போதாது, வாட்ச்மேன் தூங்குகிறார் என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு புண்ணியவான், "வீட்டுக்கு ஒரு சின்ன ரிவால்வர் வாங்கி வைத்தால் என்ன?" என்று போட்டார். அதற்கு முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். ஷூ திருடுகிறவனுக்கு ரிவால்வர்!

மறுநாள் காலையில் சங்கத் துணைச் செயலாளர் கார்த்திக் என் வீட்டு மணியை அடித்தார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பி, மரியாதை தெரிந்தவர். "அங்கிள், நீங்க செங்கல்பட்டுல துப்பாக்கிக் கடையில முப்பத்தாறு வருஷம் இருந்தீங்களாமே. நம்ம ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க. வீட்டுப் பாதுகாப்புக்குக் காம்பாக்டா எது வாங்கலாம், எவ்ளோ வெயிட், எங்க வைக்கணும், அந்த மாதிரி. ரெண்டு பக்கம் போதும்."

உள்ளேயிருந்து என் மகள், "அத்தா, கோவப்படாம பேசுங்க" என்று குரல் கொடுத்தாள். கோபம் வரத்தான் செய்தது. ஆனாலும் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இது இரண்டு பக்கத்தில் அடங்காது. வெட்டிப் போடுவதாக இருந்தால் மலரில் போடவே வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் புதுப்பட்டினம். பெயர் ஷாகுல். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு வேலை தேடி அலைந்தபோது செங்கல்பட்டில் அந்தக் கடையில் ஆள் கேட்டார்கள். குழல் துடைத்தது இரண்டு வருஷம், ஸ்பிரிங் மாற்றியது மூன்று வருஷம், அதற்கப்புறம் கவுன்ட்டர். முதலாளி தேவராஜ் என்னைவிட மூன்று வயது சின்னவர். அவருடைய அப்பா திடீரென்று போய்விட்டதால் படிப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்.

அந்தக் காலத்தில் எங்களிடம் வந்தவர்கள் யார்? காட்டுப்பன்றி விரட்ட ஒற்றைக்குழல் வைத்திருந்த விவசாயிகள், பேங்க் காவலாளிகள், அவ்வளவுதான். ஆயுத பூஜை முடிந்த வாரம் மட்டும் கடையில் கூட்டம் அலைமோதும். துப்பாக்கிக்குப் பொட்டு வைக்கிறேன் என்று குழலுக்குள்ளேயே சந்தனத்தை அப்பிவிடுவார்கள். அது காய்ந்து கல்லாகிவிடும். நான் குச்சியில் துணி சுற்றி வெந்நீரில் நனைத்து நாள் முழுக்கச் சந்தனம் எடுத்துக்கொண்டிருப்பேன். "இன்னா பாய், சாமி கும்பிட்டதுக்கு இவ்ளோ திட்டறியே" என்பார்கள். கும்பிடுங்கள் ஐயா, பொட்டை வெளியே வையுங்கள் என்பேன். அடுத்த வருஷமும் சந்தனத்தோடுதான் வருவார்கள்.

பிறகு கடற்கரைச் சாலை ஓரத்தில் நிலம் விலை ஏறியது. மாமல்லபுரம் வரைக்கும் பங்களாவும் லாட்ஜும் முளைத்தன. வெள்ளைச் சட்டை, தங்கச் செயின், கையில் லைசென்ஸ், வாயில் ஒரே பாட்டு: "பாய், சின்னதா ஒண்ணு குடு. பாக்கெட்ல போட்டா வெளிய தெரியக் கூடாது."

அப்போதும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். வீட்டுப் பாதுகாப்புக்குத்தானே வாங்குகிறாய்? வீட்டுக்குள் யாருக்குத் தெரியாமல் மறைக்கப் போகிறாய்?

சரி, கார்த்திக் தம்பி கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ரிவால்வர் சின்னதாக ஆக ஆக அதைப் பிடித்துச் சுடுவது கஷ்டம். எடை குறைந்தால் உதை அதிகம். பிடி சின்னதானால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். குழல் குட்டையானால் கை ஒரு நூல் அசைந்தாலும் குறி ஒரு முழம் தள்ளிப்போகும். குதிரையை, அதாவது ட்ரிகரை, முழுசாக இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் தெரியுமா? நாலு மாசம் ஜிம்முக்குப் போனவர்களே எங்கள் கவுன்ட்டரில் பல்லைக் கடித்திருக்கிறார்கள். சினிமாவில் சுண்டுகிற மாதிரி சுண்ட முடியாது. பதற்றத்தில், உடம்பெல்லாம் வேர்த்து, எதிரே நிற்பது திருடனா தண்ணீர் குடிக்க எழுந்த பிள்ளையா என்று தெரியாத நேரத்தில், இந்தக் கைக்கு அடக்கமான சாமான் யாரைக் காப்பாற்றும்? நான் விற்ற ரிவால்வர்களில் ஒன்றுகூடத் திருடனைச் சுட்டதாக நான் கேள்விப்படவில்லை.

தேவராஜ் முதலாளி அதிகம் பேசமாட்டார். ரிவால்வர் கேட்டு யார் வந்தாலும் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், வேட்டி நுனியில் துடைப்பார், மறுபடி மாட்டுவார். பிறகு ஒரே கேள்வி. "வூட்ல யார் யார் கீறாங்க?"

வந்தவர் பெண்டாட்டி, பிள்ளை என்று சொல்வார்.

"வூட்டம்மாவ இட்டுனு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

"அவங்களுக்கு இன்னா சார் தெரியும் இதப் பத்தி?"

"அதுக்குத்தான் இட்டுனு வரச் சொல்றேன்."

சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. அவராக வைத்துக்கொண்ட முறை. கோபித்துக்கொண்டு சென்னைக்குப் போய் வாங்கியவர்கள் நிறைய. "போவட்டும்" என்பார். அழைத்து வருகிறவர்களின் மனைவிக்கு நான் ஒரு பாடம் நடத்த வேண்டும். சுடுவதற்கு இல்லை, காலி செய்வதற்கு. கவுன்ட்டரில் மணல் நிரப்பிய மரப்பெட்டி ஒன்று இருக்கும். உருளையைத் திறக்கும்வரை குழல் அந்த மணலைத்தான் பார்க்க வேண்டும். விரல் குதிரைப் பக்கமே போகக் கூடாது. பக்கத்திலிருக்கும் தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் தள்ளி, உருளையை வெளியே சாய்த்து, குழலைக் கூரைப் பக்கம் தூக்கி, நடுக்கம்பியை உள்ளங்கையால் ஒரு அழுத்து. ஆறு தோட்டாவும் கீழே விழும். எண்ண வேண்டும். பிறகு ஆறு ஓட்டையையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவியும் பார்க்க வேண்டும். மூன்று தடவை சரியாகச் செய்தால்தான் முதலாளி பில் புத்தகத்தைத் திறப்பார். டம்மித் தோட்டாவை வைத்துப் பல பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் தோட்டாவைத் தரையில் சிதறவிடுவார்கள்.

குணசேகர் என்கிற ஆள் கலைச்செல்வியை அழைத்து வந்தது அப்படித்தான். மாமல்லபுரம் பக்கம் லாட்ஜ் வைத்திருந்தார், மனை வியாபாரமும் உண்டு. வாய் நிறையச் சிரிப்பு. இருப்பதிலேயே சின்னதைத் தேர்ந்தெடுத்தார். "இவளுக்கா சொல்லித் தரப் போறீங்க? கரப்பான் பூச்சியப் பாத்தா கட்டில் மேல ஏறுவா பாய்" என்றார்.

அந்த அம்மா முதல் தடவையே சரியாகச் செய்தார். மூன்றாவது தடவை முடித்துவிட்டு, கணவர் முதலாளியிடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டார்.

"இதத் தொறக்கும்போது சத்தம் கேக்குமா பாய்?"

"மெதுவா பண்ணா கேக்காதும்மா" என்றேன். நல்ல மாணவி கிடைத்த சந்தோஷம் எனக்கு. முப்பது வருஷம் மனுஷ முகம் பார்த்த எனக்கு அந்தக் கேள்வி உறைக்கவில்லை. முதலாளி எதற்காக வீட்டம்மாவை அழைத்து வரச் சொன்னாரோ, அதைக் கவனிக்க வேண்டிய இடத்தில் நின்றவன் நான். பல்லை இளித்துக்கொண்டு ரிவால்வரைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கலைச்செல்வி தனியாக வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு. பையிலிருந்து ஒரு சம்புடத்தை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஆறு தோட்டா. டம்மி இல்லை, அசல்.

"இத நீங்க வச்சிக்குங்க பாய். இன்னும் வாங்க வந்தார்னா குடுக்காதீங்க."

முதலாளி எழுந்து தன் நாற்காலியைப் போட்டார். அந்த அம்மா உட்கார்ந்து, அழாமல், கடையில் சாமான் கேட்கிற குரலில் சொன்னார்.

"சாப்புடும்போது தட்டுக்குப் பக்கத்துல வச்சிக்குவாரு சார். கையில எடுக்க மாட்டாரு, குறி பாக்க மாட்டாரு. கொழம்புல உப்பு கம்மியா இருந்துச்சுன்னா அத அப்படியே என் பக்கமா திருப்பி வைப்பாரு. அவ்ளோதான். அப்புறம் சாப்புடுவாரு. நானும் சாப்புடணும், எழுந்திருக்கக் கூடாது. நேத்து மத்தியானம் பெரிய பொண்ணு மார்க் ஷீட் குடுத்தா. பத்தாவது படிக்கிறா. அவ பக்கம் திருப்பி வச்சாரு."

சம்புடத்தைப் பிடுங்கி உள்ளே வைக்கப் போனேன். "ஷாகுலு, இரு" என்றார் முதலாளி.

லைசென்ஸ் இல்லாதவர் தோட்டாவை எடுத்து வந்தது குற்றம். அவரிடமிருந்து கடை வாங்கி வைத்தால் அதுவும் குற்றம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ரிவால்வர் வைப்பவனிடம் மட்டும் எல்லாக் காகிதமும் சுத்தமாக இருந்தது! சட்டம் எழுதியவர்கள் யார் வீட்டில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளி கண்ணாடியைத் துடைத்தார். வெள்ளைத் தாளை எடுத்து அந்த அம்மா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினார். தோட்டாக்களை எண்ணி, அடியில் இருந்த குறியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து அதையும் எழுதினார். கடை முத்திரை குத்தி, "இவங்க கூடப் போ. ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு ரசீது வாங்கினு வா. ரிவால்வரையும் அவங்களே வாங்கி வைக்கச் சொல்லு" என்றார்.

எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் பாதி படித்தார், போனை எடுத்தார். "குணா சார், உங்க வூட்டம்மா இங்க கீறாங்க. ஒண்ணுமில்ல, சும்மா வாங்க."

கால் மணி நேரத்தில் அதே சிரிப்போடு வந்து இறங்கினார் குணசேகர். அவருக்கு நாற்காலி, டீ. அந்த அம்மாவுக்குச் சுவர் ஓரப் பெஞ்சு.

"குடும்பம்னா ஆயிரம் இருக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "அவரு சுட்டாரா? இல்ல. எங்கனா குறி வச்சாரா? அதுவும் இல்ல. டேபிள் மேல வச்சதுக்குலாம் கேஸ் போட முடியுமா? உன் மேல வேணா போடலாம். லைசென்ஸ் இல்லாம தோட்டா எடுத்துனு பஸ்ல வந்துகீற." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா பாய், வியாபாரத்தப் பாக்காம ஊர்க் குடும்பத்துல எதுக்கு மூக்க நுழைக்கிறீங்க? இந்தம்மாவுக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது யாரு?"

"நான்தான் சார்" என்றேன்.

"கடை லைசென்ஸ எடுத்துனு வரச் சொல்லட்டா உங்க மொதலாளிய?"

ஆறு தோட்டாவும் உரிமதாரரிடமே ஒப்படைக்கப்பட்டன என்று ஏட்டு ஒரு தாள் எழுதினார். குணசேகர் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சி என்று ஓர் இடம். ஏட்டு பேனாவை நீட்டினார். போட்டேன். ஷாகுல் என்று முழுசாக, தெளிவாகப் போட்டேன்.

வாசலில் குணசேகர் காரை எடுக்கப் போன அரை நிமிஷத்தில் அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்க போடாம இருந்திருக்கலாம் பாய்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காரில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு குணசேகர் ரிவால்வரைப் பூட்டி வைத்தார், சாவி அவர் அரைஞாணில். சாப்பிடும்போது மட்டும் வெளியே வரும். நான் சொல்லிக் கொடுத்தது கடைசியில் அந்த அம்மாவின் கைக்கு எட்டாத இடத்துக்கு அதைக் கொண்டுபோய்விட்டது. பெண்கள் இரண்டையும் அந்த அம்மா திருப்போரூரில் தன் தங்கை வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார். அவர் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருங்கள். தானும் போனால் குணசேகர் அந்தத் தங்கை வீட்டுக்கே வந்துவிடுவார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நான் தினமும் காலையில் பேப்பரைப் பிரித்ததும் மாவட்டச் செய்திக்குத்தான் போவேன். மாமல்லபுரம் என்று தலைப்பில் வந்தால் கடைசி வரி வரைக்கும் படிப்பேன்.

முதலாளி லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்துக்கு மூன்று மனு போட்டார். இரண்டுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதுக்கு வந்தது: இது குடும்பத் தகராறு, உரிமதாரரின் கருத்தைக் கேட்டுத் தக்க நடவடிக்கை எடுக்கப்படும். யாரைக் கண்டு பயப்படுகிறோமோ, அவனிடமே கருத்துக் கேட்பார்களாம்! நான் அந்தக் கடிதத்தைக் கசக்கப் போனேன். முதலாளி வாங்கி ஃபைலில் வைத்தார். பிறகு விற்பனைப் பதிவேட்டைத் திறந்து விரலால் கோடு பிடித்துப் பார்த்தார்.

"அந்தாளு லைசென்ஸ் வர்ற மாசம் புதுப்பிக்கணும். விசாரிக்க ஆர்.ஐ. வூட்டுக்கு வருவாரு. அந்தம்மாவ அன்னிக்கி எங்கயும் போவாம வூட்லயே இருக்கச் சொல்லு."

லாட்ஜுக்குப் பால் போடுகிறவர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன்.

வருவாய் ஆய்வாளர் வந்த அன்று நடந்ததை அந்த அம்மாவும் சொன்னார், பிறகு கடைக்கு வந்த ஆய்வாளரும் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. குணசேகர் ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்தார் இருவரிடம் ஆட்சேபணை உண்டா என்று வாக்குமூலம் வாங்க வேண்டும். பக்கத்து ஓட்டல்காரர் "தங்கமானவரு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டாவது ஆள் வருவதற்குள் கலைச்செல்வி சமையல்கட்டிலிருந்து வந்து நின்றிருக்கிறார்.

"எனக்கு ஆட்சேபணை கீது. எழுதிக்குங்க."

"போடி உள்ள" என்று குணசேகர் எழுந்திருக்கிறார்.

ஆய்வாளர் நெளிந்திருக்கிறார். "அம்மா, இது அக்கம்பக்கத்தாருக்கு உள்ள கட்டம். குடும்பத்தாருக்கு இதுல எடம் இல்ல."

"ரெண்டு வூடு தள்ளி இருக்கறவர் சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா?"

"நீங்க அக்கம்பக்கம் இல்லியேம்மா."

"அவரு இந்த ரூம்ல படுக்கறாரு. நான் பக்கத்து ரூம்ல தாப்பா போட்டுனு படுக்கறேன். என்னவிட பக்கம் யாரு சார் இருக்காங்க? அக்கம்பக்கம்னே எழுதிக்குங்க."

அந்த ஆய்வாளர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கடையில் உட்கார்ந்து, "எனக்கும் ரெண்டு பொண்ணு பாய்" என்று மட்டும் சொன்னார். எழுதினார். அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், எண் இரண்டு, கலைச்செல்வி, வசிப்பிடம் அடுத்த அறை. சாப்பாட்டுத் தட்டும் உப்பும் மார்க் ஷீட்டும் அப்படியே அந்தத் தாளில் ஏறின. அந்த அம்மா கையெழுத்துப் போடும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்து, அவரைத் தன் ஜீப்பிலேயே திருப்போரூருக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டும் போயிருக்கிறார்.

முதலாளியின் மூன்று மனுவால் அசையாத அலுவலகம், தன் படிவத்திலேயே ஆட்சேபணை வந்ததும் அசைந்தது. புதுப்பிக்க மறுத்து உத்தரவு வந்தது. துப்பாக்கியை எங்கள் கடையில் ஒப்படைக்க வேண்டும். குணசேகர் ஒரு ஆளிடம் அதிகாரக் கடிதமும் ரிவால்வரும் கொடுத்தனுப்பினார். அவர் சிரிப்பை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அந்த வாரமே கலைச்செல்வி கடைக்கு வந்தார். இரண்டு பெண்களும் கூட வந்திருந்தார்கள். உத்தரவைப் பார்க்க வேண்டும் என்றார். கடைப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். பெரிய பெண்தான் உரக்கப் படித்தாள். கடைசியில் நகல் யார் யாருக்கு என்ற பட்டியல் வந்தது. உரிமதாரர், காவல் நிலையம், வட்டாட்சியர், ஆயுத விற்பனையாளர். நான்கோடு நின்றது.

"எங்கம்மா பேரு இல்லியே பாய்" என்றாள் அந்தப் பெண்.

முதலாளியைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க் கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். நான்காவது வரிக்குக் கீழே என் பேனாவால் எழுதினேன்: ஐந்து, திருமதி கலைச்செல்வி, அடுத்த அறை. எழுதிக் கடை முத்திரையையும் குத்தி அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அரசாங்க உத்தரவின் நகலில் கை வைப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். கேட்கிறவர் யாராக இருந்தாலும் வந்து கேட்கட்டும். வீட்டில்தான் இருக்கிறேன்.